டேட்டா சென்டர் கேபிள்: எதைத் தேர்ந்தெடுத்தால் எவ்வளவு மின்சாரம் மிச்சமாகும்?

புதிதாக டேட்டா சென்டர் கட்டுபவர்களும் சரி, பழைய கூடத்தில் சர்வர்களை மாற்றுபவர்களும் சரி, கேபிளைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். சர்வர் முடிவாகிவிட்டது, சர்வர்களுக்கிடையே தரவைத் திருப்பிவிடும் ஸ்விட்ச் முடிவாகிவிட்டது, இவற்றை அடுக்கி வைக்கும் ரேக் எங்கே நிற்கும் என்பதும் முடிவாகிவிட்டது. இனி நீளம் பார்த்துக் கேபிள் வாங்கினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டத்துக்கு வருவதற்குள், கேபிள் விஷயத்தில் மிச்சம் பிடித்திருக்கக்கூடிய மின்சாரத்தின் பெரும்பகுதி கைநழுவிப் போயிருக்கும். ரேக்குக்கும் ஸ்விட்சுக்கும் இடையே எத்தனை மீட்டர் என்பதுதான் எந்த வகைக் கேபிள் போடலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. மின்செலவு அதன் பின்னாலேயே வந்துவிடுகிறது.

இதில் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடலாம். ஒரு கூடத்துக்கு எந்தக் கேபிள் சரி? அந்தத் தேர்வை எல்லாரும் செய்தால் மொத்தத்தில் எவ்வளவு மிச்சமாகும்? முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதில்தான் விளம்பரத் தாள்கள் பெரிய எண்களைக் காட்டி மயக்குகின்றன.

மின்சாரத்தைத் தின்பது முனைகள்

தரவு போகும் கேபிளின் உடம்பு கிட்டத்தட்ட எதையும் தின்பதில்லை. கண்ணாடி இழைக்கு மின்சாரமே வேண்டாம். செம்புக் கம்பியில் போகும் சிக்னலின் சக்தியும் மிகச் சிறியது. செலவெல்லாம் இரு முனைகளில் நடக்கிறது: மின் சிக்னலை ஒளியாக மாற்றும் லேசர், ஒளியைத் திரும்ப மின்சாரமாக்கும் ஏற்பி, வழியில் சிதைந்த சிக்னலைச் சீர் செய்யும் டி.எஸ்.பி சிப். தூரம் கூடக்கூட, வேகம் கூடக்கூட, முனையில் உட்கார்ந்திருக்கும் இந்தக் கருவிகளுக்கு வேலை கூடுகிறது.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். இந்தக் கருவிகளை அடக்கிய செருகியான ஒளி மாட்யூலின் செலவு, அதில் எவ்வளவு தரவு போகிறது என்பதைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை. இணைப்பு உயிரோடு இருக்கிறதா, அவ்வளவுதான். நள்ளிரவில் ஒரு பைட்கூடப் போகாவிட்டாலும் லேசர் எரிந்துகொண்டுதான் இருக்கும். எனவே இங்கே ஒரு வாட் என்றால் ஆண்டின் 8,760 மணி நேரமும் ஓடுகிற வாட், அதாவது ஆண்டுக்கு 8.76 யூனிட். சேமிப்பைக் கணக்கிட இது வசதியான அம்சம். பயன்பாட்டு நேரத்தை ஊகிக்க வேண்டிய தொல்லையே இல்லை.

ரேக்குக்குள்: இதில் தயக்கமே வேண்டாம்

ரேக்கின் உச்சியில் ஸ்விட்ச், கீழே சர்வர்கள். தூரம் இரண்டு மூன்று மீட்டர்தான். இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, வழக்கமான முறுக்கிணைக் கேபிளில் ஓடும் 10ஜி (நொடிக்கு 10 கிகாபிட்) பேஸ்-டி. இரண்டாவது, இரு முனையிலும் ஒளி மாட்யூல் செருகிய ஃபைபர். மூன்றாவது, செருகியோடு சேர்ந்தே வரும் செம்புக் கேபிள். களத்தில் இதை டேக் கேபிள் என்பார்கள்.

டேக் கேபிளில் சிக்னலை மாற்றும் கருவி எதுவும் இல்லை. தன்னை அடையாளம் சொல்லிக்கொள்ள ஒரு சின்ன நினைவகச் சிப் மட்டும் உண்டு. முனைக்கு 0.1 வாட் அளவுதான் செலவு. 10ஜி குறுந்தூர ஒளி மாட்யூல் ஏறத்தாழ ஒரு வாட். 10ஜி பேஸ்-டி 2006-ல் தரநிலையானபோது, முதலில் வந்த போர்ட்டுகள் ஒவ்வொன்றும் ஐந்து வாட்டுக்கு மேல் தின்றன. சிப் தொழில்நுட்பம் முன்னேறியதில் இப்போது இரண்டு முதல் நான்கு வாட்டுக்கு இறங்கியிருக்கிறது. நூறு மீட்டர் வரை போக வேண்டும் என்பதற்காகவே வடிவமைத்த கருவி அது. இரண்டு மீட்டருக்கு அதைப் போட்டால், அந்த நூறு மீட்டர் திறனுக்கான மின்சாரத்தில் ஒரு பகுதியைச் சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு ரேக்குகள், ரேக்குக்கு 40 சர்வர்கள், சர்வருக்கு இரண்டு இணைப்புகள் என்றால் மொத்தம் 8,000 இணைப்புகள். இரு முனையும் சேர்த்துப் பேஸ்-டி இணைப்புக்கு 5 வாட், ஒளி இணைப்புக்கு 2 வாட், டேக் இணைப்புக்கு 0.2 வாட் என்று வைத்துக்கொள்வோம். முறையே 40 கிலோவாட், 16 கிலோவாட், 1.6 கிலோவாட் வருகிறது. ஆண்டுக்கு மாற்றினால் சுமார் 3,50,000 யூனிட், 1,40,000 யூனிட், 14,000 யூனிட்.

இடைவெளி பெரிதுதான். ஆனால் இதைக் கூடத்தின் மொத்தச் செலவோடு ஒப்பிட மறக்கக் கூடாது. சர்வர் ஒன்றுக்குச் சராசரி 400 வாட் என்றால் 4,000 சர்வர்களுக்கு 1,600 கிலோவாட். பேஸ்-டியிலிருந்து டேக்குக்கு மாறினால் அதில் 2.4 சதவீதம் மிச்சம். ஒளியிலிருந்து மாறினால் 0.9 சதவீதம். "கேபிளில் 95 சதவீத மின் சேமிப்பு" என்று தாளில் போட்டிருப்பதும் பொய்யில்லை, கூடத்தின் மின்கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவதும் பொய்யில்லை. எதை எதற்குக் கீழே வைத்து வகுத்தோம் என்பதுதான் வித்தியாசம்.

ஒரு சதவீதமா, அற்பம் என்று தள்ள வேண்டாம். டேக் கேபிள், இரண்டு மாட்யூலும் ஃபைபரும் சேர்ந்த விலையைவிடப் பொதுவாகக் குறைவு. மலிவாக வாங்கி, அதனாலேயே மின்சாரமும் மிச்சமாகிற இடங்கள் டேட்டா சென்டரில் அதிகம் இல்லை. பழுதாகவும் அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது.

சிக்கல் தூரத்தில்தான். 10ஜி வேகத்தில் டேக் கேபிள் 7 மீட்டர் வரை போகும். 25ஜியில் 5 மீட்டர். கேபிளுக்குள் உள்ள ஒவ்வொரு தடத்திலும் 50ஜி போகும் 400ஜி கேபிளில் 3 மீட்டர். தடத்துக்கு 100ஜி போகும் 800ஜி கேபிளில் 2 மீட்டர்தான். வேகம் ஏற ஏற செம்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. நீளத்தை இழுத்துப் பிடிக்கத் தடித்த கம்பி போட்டால், கேபிள் பருத்து, வளைக்கக் கஷ்டமாகி, ரேக்கின் பின்புறத்தை அடைத்துக்கொள்கிறது. அதற்கும் ஒரு மின்செலவு உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

செம்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு இப்போது உள்ள பெரிய சாட்சி, சிப் நிறுவனமான என்விடியா 2024 மார்ச்சில் அறிவித்த ஜிபி200 என்விஎல்72 ரேக். ஏஐ கணக்குகளைப் போடும் சிப்களான ஜி.பி.யூக்கள் 72-ஐ ஒரே ரேக்கில் அடக்கி, அவற்றுக்கிடையே 5,000-க்கும் மேற்பட்ட செம்புக் கேபிள்களை ஓடவிட்டிருக்கிறார்கள். இதையே ஒளியில் செய்திருந்தால் மாட்யூல்களுக்கும் அவற்றோடு சேர்ந்த சிப்களுக்கும் மட்டும் 20 கிலோவாட் போயிருக்கும் என்று நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையிலேயே சொன்னார். ரேக்கின் மொத்தச் செலவு 120 கிலோவாட். செம்பின் எல்லைக்குள் எல்லாவற்றையும் நெருக்கி வைக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு ரேக்கை வடிவமைத்திருக்கிறார்கள். அதற்கு விலையாகத் திரவக் குளிரூட்டலை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று முதல் ஏழு மீட்டர்: இழுபறியான இடம்

பக்கத்து ரேக்குக்கும் அதற்கு அடுத்த ரேக்குக்கும் போக வேண்டுமென்றால் வேகமான இணைப்புகளில் டேக் எட்டாது. இங்கே இரண்டு போட்டியாளர்கள். செம்புக் கேபிளின் இரு முனையிலும் சிக்னலைப் புதுப்பிக்கும் சிப் வைத்த ஏ.இ.சி. இழையும் மாட்யூலும் ஒட்டிப் பிறந்தது போல ஒன்றாக வரும் ஏ.ஓ.சி. ஏ.இ.சி-யில் லேசர் இல்லை. அதனால் அதே வேகத்தில் ஒளிக் கேபிளைவிடக் குறைவாகவே மின்சாரம் கேட்கும். சில தயாரிப்புகளில் பாதியளவுதான். ஏழு மீட்டர் வரை போகும். தடித்த டேக்கைவிட மெலிந்தும் இருக்கும்.

என் சாய்வு இங்கே ஏ.இ.சி பக்கம்தான், அதற்குக் காரணம் மின்சாரம் மட்டுமில்லை. ஏஐ பயிற்சிக் கூடங்களில் ஒரு இணைப்பு அறுந்தால் ஆயிரக்கணக்கான ஜி.பி.யூக்கள் நின்றுவிடுகின்றன. மெட்டா 2024-ல் லாமா 3 என்ற தன் ஏஐ மாடல் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இதற்கு எண்ணிக்கையே இருக்கிறது. 16,384 ஜி.பி.யூக்களில் 54 நாள் ஓடிய பயிற்சியில், எதிர்பாராத நிறுத்தங்கள் 419. அவற்றில் ஸ்விட்சாலும் கேபிளாலும் வந்தவை 35, அதாவது 8.4 சதவீதம். ஒவ்வொரு நிறுத்தத்தின்போதும் கடைசியாகச் சேமித்த புள்ளிக்குத் திரும்பிப் போய் அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் எரிந்த மின்சாரம் முழுக்க வீண். மாட்யூலில் அரை வாட் மிச்சம் பிடித்து, அடிக்கடி அறுந்துபோகும் கேபிளை வாங்கினால், சேமிப்பு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே வேண்டாம். நம்பகத்தன்மையை மின் கணக்குக்கு வெளியே வைக்கும் மதிப்பீடுகளை நான் முழுதாக நம்புவதில்லை.

இந்த இடத்தில் வடிவமைப்பாளர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஒன்று இருக்கிறது. ஏஐ கூடங்களில், ஒரே சர்வரில் உள்ள எட்டு ஜி.பி.யூக்களும் ஒரே ஸ்விட்சுக்குப் போவதில்லை. எல்லாச் சர்வர்களின் முதல் ஜி.பி.யூக்களும் ஒரு ஸ்விட்சுக்கு, இரண்டாவது ஜி.பி.யூக்கள் இன்னொன்றுக்கு என்று பிரித்து இணைக்கிறார்கள். பயிற்சி வேகமாக ஓட இந்த அமைப்பு உதவுகிறது. ஆனால் எட்டு ஸ்விட்சுகளும் ஒவ்வொரு சர்வரின் ரேக்கிலேயே இருக்க முடியாது. எங்கோ வரிசையின் நடுவில் நிற்கும். ஆக, சர்வரிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் முதல் தாவலே ஐந்து, பத்து மீட்டர் ஆகிவிடுகிறது. டேக் கதை அங்கேயே முடிந்தது. குளிரூட்டல் போதாமல் ரேக்குக்கு ஒன்றிரண்டு சர்வர்கள் மட்டும் வைத்துப் பரப்பினால் தூரம் இன்னும் நீள்கிறது. குளிரூட்டலில் எடுத்த முடிவு கேபிளின் மின்செலவாகத் திரும்பி வருவது இப்படித்தான்.

அளவு எவ்வளவு? 1,024 ஜி.பி.யூக்கள், ஒவ்வொன்றுக்கும் 400ஜி, இரண்டு அடுக்கு ஸ்விட்சுகள், நெரிசலே இல்லாத அமைப்பு என்று எடுத்துக்கொள்வோம். சர்வரிலிருந்து முதல் அடுக்குக்கு 1,024 இணைப்புகள், அங்கிருந்து மேலடுக்குக்கு இன்னொரு 1,024. மொத்தம் 4,096 முனைகள். முனைக்கு 8 வாட் என்றால் 33 கிலோவாட் வருகிறது. எட்டு ஜி.பி.யூ கொண்ட என்விடியாவின் டிஜிஎக்ஸ் எச்100 சர்வரின் அதிகபட்சச் செலவு 10.2 கிலோவாட், 128 சர்வர்களுக்கு 1,300 கிலோவாட். ஆக ஒளி முனைகளின் பங்கு 2.5 சதவீதம். முதல் தாவலை மட்டும் ஏ.இ.சி-க்கு மாற்றி, அதன் செலவில் பாதி குறைந்தால் 8 கிலோவாட் மிச்சம்.

தொலைவில்: ஒளி கட்டாயம், எந்த ஒளி?

பத்து மீட்டருக்கு மேல் செம்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். இங்கே கேள்வி, மாட்யூலுக்குள் என்ன இருக்கிறது என்பது. இப்போது பரவலாக விற்கும் 800ஜி மாட்யூல் 14 முதல் 16 வாட் கேட்கிறது. 64 போர்ட் கொண்ட ஒரு ஸ்விட்சை முழுக்க நிரப்பினால் மாட்யூல்களுக்கு மட்டும் ஒரு கிலோவாட் போகிறது. அதே ஸ்விட்சின் மூளையான சிப்புக்கு ஏறத்தாழ 500 வாட்தான். மூளையைவிடக் காதும் வாயும் இரண்டு மடங்கு தின்கின்றன.

மாட்யூலின் செலவில் ஏறத்தாழ பாதியை டி.எஸ்.பி சிப் எடுத்துக்கொள்கிறது. அதைக் கழற்றிவிட்டு, சிக்னலைச் சீர் செய்யும் வேலையை ஸ்விட்ச் சிப்பிடமே விடுவதுதான் எல்.பி.ஓ. மின்சாரம் நன்றாகவே குறையும், தாமதமும் குறையும். ஆனால் ஸ்விட்சும் மாட்யூலும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்த வேண்டும். ஏதாவது கோளாறு வந்தால் தவறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது கடினம். ஒரே தயாரிப்பாளரின் ஸ்விட்சுகளை ஆயிரக்கணக்கில் வாங்கி, சோதனைக்கூடத்தில் அலசிப் பார்க்கும் ஆள்பலம் உள்ளவர்களுக்கு இது சரி. பல தயாரிப்பாளர்களின் கருவிகளைக் கலந்து வைத்திருக்கும் நடுத்தரக் கூடத்துக்கு இப்போதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சேமிப்பை அளக்கும்போதும் ஒரு எச்சரிக்கை: வேலை ஸ்விட்ச் சிப்பின் தலையில் விழுவதால், மாட்யூலை மட்டும் அளக்கக் கூடாது. ஸ்விட்சின் மொத்தச் செலவை முன்னும் பின்னும் அளக்க வேண்டும்.

அடுத்தது சி.பி.ஓ. ஒளிக் கருவியைத் தனி மாட்யூலாக இல்லாமல் ஸ்விட்ச் சிப்பின் பக்கத்திலேயே வைத்துவிடுவது. 2025 மார்ச்சில் என்விடியா இதை அறிவித்தபோது, செருகும் வகையில் 30 வாட் போகும் 1.6டி (நொடிக்கு 1.6 டெராபிட்) இணைப்பு இதில் 9 வாட்டில் முடியும் என்றது. தயாரிப்பாளரின் எண்தான் என்றாலும், மின் சிக்னல் போக வேண்டிய தூரம் பலகையின் விளிம்பிலிருந்து சிப்பின் ஓரத்துக்குச் சுருங்கும்போது செலவு இவ்வளவு இறங்குவது இயற்பியலுக்கு ஒத்ததே. விலை என்னவென்றால், ஒரு ஒளி முனை கெட்டால் மாட்யூலைப் பிடுங்கி வேறு செருகும் வசதி போய்விடும். பெரிய புதிய ஏஐ கூடம் கட்டுபவர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. மற்றவர்கள் அடுத்த ஸ்விட்ச் மாற்றம் வரை காத்திருக்கலாம்.

யாரும் பேசாத மின் கேபிள்

தரவுக் கேபிளைப் பற்றி இத்தனை பேச்சு நடக்கிறது. மின்சாரத்தைக் கொண்டுவரும் கேபிளை ஏனோ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே கேபிளின் உடம்பே தின்கிறது.

ரேக்குக்கு 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ், 30 மீட்டர் தூரம், 20 ஆம்பியர் என்று எடுத்துக்கொள்வோம். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 4.61 ஓம். போய்வர 60 மீட்டர் என்பதால் 0.277 ஓம். 20 ஆம்பியரின் வர்க்கம் 400. பெருக்கினால் 111 வாட் கம்பியிலேயே சூடாகிப் போகிறது. ரேக் எடுக்கும் 4,600 வாட்டில் இது 2.4 சதவீதம். 10 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 44 வாட்டாகிவிடும். கம்பி சூடேறும்போது மின்தடையும் கூடுவதால் உண்மை இழப்பு இவற்றைவிடச் சற்று அதிகம்.

இந்த 2.4 சதவீதம் விதிமீறல் ஒன்றும் இல்லை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி 60364 தரநிலை, விளக்கு அல்லாத பயன்பாடுகளுக்கு 5 சதவீதம் வரை மின்னழுத்தக் குறைவை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கருவி ஒழுங்காக ஓட வேண்டும் என்பதற்காக வைத்த எல்லை அது. மின்சாரம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக வைத்ததில்லை. ஆண்டு முழுவதும் இரவு பகலாகச் சுமை ஏற்றும் கம்பிக்கு எந்த தடிமன் லாபம் என்று கணக்கிட ஐ.இ.சி 60287-3-2 என்று தனித் தரநிலையே இருக்கிறது. எந்தக் கட்டடத்தையும்விட டேட்டா சென்டருக்குத்தான் அது அதிகம் பொருந்தும். ஆனால் ஒப்பந்தக்காரர் தாங்கும் திறனைப் பார்ப்பார், மின்னழுத்தக் குறைவைப் பார்ப்பார், அதோடு நிறுத்திக்கொள்வார்.

இதிலும் ஒரு திருத்தம் தேவை. பெரும்பாலான ரேக்குகளுக்கு ஏ, பி என்று இரட்டை வழி மின்சாரம் வருகிறது. சுமை சமமாகப் பிரிந்தால் வழிக்கு 10 ஆம்பியர். இழப்பு வர்க்கத்தில் குறைவதால் ஒவ்வொரு வழியிலும் 28 வாட்; இரண்டும் சேர்ந்து 55. ஒற்றை வழியில் போனதில் பாதி. அப்போது 10 சதுர மில்லிமீட்டருக்கு மாறினால் வழிக்கு 17 வாட், அதாவது ஆண்டுக்கு 146 யூனிட் மிச்சம். அதற்குக் கூடுதலாகத் தேவைப்படும் செம்பு சுமார் 3.2 கிலோ. உங்கள் ஊர்ச் செம்பு விலையையும் யூனிட் கட்டணத்தையும் போட்டுப் பார்த்தால் எத்தனை ஆண்டில் திரும்பும் என்பது நொடியில் தெரிந்துவிடும். கேபிள் பதினைந்து ஆண்டுக்கு மேல் உழைக்கும். பருத்த கம்பி பிளக்கின் முனையத்துக்குள் நுழையுமா என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்ட கேபிளைப் பிடுங்கித் தடித்ததாக மாற்றுவது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது. புதிதாகப் போடும்போது ஒரு படி மேலே போவதுதான் லாபம்.

மின்னழுத்தத்தை உயர்த்துவது இதைவிடப் பெரிய ஆயுதம். அதே சக்தியை நான்கு மடங்கு மின்னழுத்தத்தில் அனுப்பினால், அதே கம்பியில் இழப்பு பதினாறில் ஒன்றாகிவிடும். ரேக்குக்குள் 12 வோல்ட்டிலிருந்து 48 வோல்ட்டுக்குப் போனது இதற்காகத்தான். டேட்டா சென்டர் வன்பொருள் வடிவமைப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் ஓப்பன் கம்ப்யூட் அமைப்பில் கூகுள் 2016-ல் சேர்ந்தபோது 48 வோல்ட் ரேக்கைத்தான் கொண்டுவந்தது. இப்போது ஏஐ ரேக்குகளுக்கு 800 வோல்ட் நேர்மின்சாரம் பேச்சில் இருக்கிறது.

காற்றை மறிக்கும் கேபிள்

உயர்த்திய தரையின் அடியில் குளிர்காற்று ஓடும் கூடங்களில், பல ஆண்டுக் கேபிள்கள் குப்பையாகக் கிடந்து காற்றை மறிக்கும். எடுத்துப்போட யாருக்கும் தைரியம் வராது. எது உயிரோடு இருக்கிறது என்று தெரியாது. காற்று போதாமல் ரேக் சூடாகும், விசிறியை வேகமாக ஓடவிடுவார்கள். விசிறியின் மின்செலவு வேகத்தின் கன அளவில் ஏறும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் செலவு ஏறத்தாழ பாதியாகிவிடும். கேபிள் வகையை மாற்றிக் கிடைக்கும் எந்தச் சதவீதமும் இதன் பக்கத்தில் நிற்காது.

ஆனால் தரையைச் சுத்தம் செய்தாலே சேமிப்பு வந்துவிடாது. விசிறி ஒரே வேகத்தில் ஓடும்படி அமைத்திருந்தால், காற்று கூடுதலாக வரும், மின்கட்டணம் அப்படியே இருக்கும். சுத்தம் செய்த பிறகு விசிறி வேகத்தையோ குளிர்நிலையையோ மாற்றியமைத்தால்தான் பலன். சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்கிறது குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. பல கூடங்கள் தேவையில்லாமல் அதன் அடிமட்டத்தில் உறைந்து கிடக்கின்றன. தரையில் கேபிள் நுழையும் ஓட்டைகளைத் தூரிகை மூடியால் அடைப்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்தது.

மதிப்பீட்டை எப்படிச் செய்வது

முதலில், எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. மிகப் பழைய பேஸ்-டி போர்ட்டோடு ஒப்பிட்டு டேக்கின் சேமிப்பைச் சொல்லுவது எளிது. ஆனால் சேமிப்புத் திட்டம் எதுவும் இல்லாவிட்டால் கேபிள் வாங்குபவர் என்ன வாங்கியிருப்பார் என்பதே சரியான அடிப்படை. அவர் எப்படியும் டேக்தான் வாங்கியிருப்பார் என்றால் சேமிப்பு பூஜ்யம்.

அடுத்தது பி.யூ.இ. கருவிகளுக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கட்டடம் மொத்தமாக எத்தனை யூனிட் எடுக்கிறது என்ற விகிதம் இது. டேட்டா சென்டர்களை ஆராயும் அப்டைம் நிறுவனத்தின் 2024 கணக்கெடுப்பில் சராசரி 1.56. எனவே ஒரு வாட் மிச்சமானால் கட்டடத்தில் 1.56 வாட் மிச்சம் என்று பெருக்கிவிடுகிறார்கள். இது மிகை. யு.பி.எஸ்ஸின் சுமையில்லா இழப்பு, விளக்கு, குறைந்தபட்ச வேகத்தில் ஓடும் விசிறி இவையெல்லாம் சுமை சற்றுக் குறைந்ததற்காகக் குறைவதில்லை. கூடுதல் சேமிப்பாக 0.56-ஐ முழுதாக எடுக்காமல், 0.2 முதல் 0.4 வரை வைப்பதே நேர்மையானது என்று நினைக்கிறேன். திறமையாக ஓடும் பெரிய கூடங்களில் மொத்த பி.யூ.இ-யே 1.1 பக்கம் இருக்கும். அங்கே இந்தப் பெருக்கலுக்கு வேலையே இல்லை.

மூன்றாவது, அளவு. தரவுத் தாளில் போட்டிருப்பது பெரும்பாலும் அதிகபட்ச வாட். அதை 8,760-ஆல் பெருக்கினால் சேமிப்பு ஊதிப்போகும். ஒரே ஸ்விட்சில் முப்பது மாட்யூலைக் கழற்றி, ரேக்கின் மின் அளவியில் முன்னும் பின்னும் பார்த்தால் உண்மை தெரியும். பயன்படாத போர்ட்டில் செருகிக் கிடக்கும் மாட்யூல்களை அந்த வேளையிலேயே எடுத்துவிடலாம். எதையும் வாங்காமல் கிடைக்கும் சேமிப்பு அது.

எல்லாரும் மாறினால்?

உலகின் டேட்டா சென்டர்கள் 2024-ல் 415 டெராவாட் மணி, அதாவது 41,500 கோடி யூனிட் எடுத்தன என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. பிணையக் கருவிகளின் பங்கு அதில் 5 சதவீதம் வரை. உச்சமாகவே வைத்துக்கொண்டால் சுமார் 2,000 கோடி யூனிட்.

இனி வருபவை என் ஊகங்கள். உங்களுக்கு வேறு எண் சரியாகப் பட்டால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த 2,000 கோடியில் இணைப்பு முனைகள் மூன்றில் ஒரு பங்கு என்றால் 700 கோடி. அதில் பாதி, செம்புக்கு எட்டும் குறுந்தூரம்: 350 கோடி. ஆனால் பெரிய நிறுவனங்கள் ஏற்கெனவே டேக் போட்டுவிட்டன. மாற்ற மீதியிருப்பது 40 சதவீதம் என்றால் 140 கோடி. அதில் எண்பது சதவீதம் குறைந்தால் 110 கோடி யூனிட். இது தொழில்நுட்ப வாய்ப்பு மட்டுமே. ஓடும் கூடத்தில் நல்ல கேபிளைப் பிடுங்கி மாற்ற எவரும் முன்வர மாட்டார்; சர்வர் மாற்றும் வேளையில்தான் நடக்கும். ஐந்து ஆண்டில் அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நடந்தால் ஆண்டுக்கு 35 முதல் 55 கோடி யூனிட். மொத்தத்தில் 0.1 சதவீதம்.

ஏமாற்றமான எண்தான். ஆனால் அதே முகமை, 2030-ல் தேவை 945 டெராவாட் மணியாகும் என்று கணிக்கிறது. கூடப்போகும் 53,000 கோடி யூனிட்டின் பெரும்பகுதி இன்னும் கட்டாத கூடங்களுக்கும் இன்னும் வாங்காத கருவிகளுக்கும் உரியது. அங்கே தரவுக் கேபிள், மின் கேபிள் இரண்டிலும் சேர்த்து அரை சதவீதம் குறைத்தாலே ஆண்டுக்கு 265 கோடி யூனிட். ஊக்கத்தொகைத் திட்டம் வகுப்பவர்கள் பழைய கூடங்களின் பின்னால் ஓடுவதைவிட, வரைபடம் போடும் கட்டத்தில் இருப்பவர்களைப் பிடிப்பது மேல்.

அங்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. இடத்தை வாடகைக்கு விடும் கூடங்களில், மின் கேபிள் போடுபவர் உரிமையாளர், அதில் போகும் இழப்புக்குப் பெரும்பாலும் பணம் கட்டுபவர் வாடகைக்காரர். தடித்த கம்பிக்கு உரிமையாளர் ஏன் கூடுதலாகச் செலவு செய்வார்? இதற்கு வழி ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. வாடகைக்காரர் கையெழுத்திடும் முன், விநியோகப் பலகையிலிருந்து ரேக் வரை எத்தனை சதவீத இழப்பு, எந்தச் சுமையில் என்று எழுத்தில் கேட்கலாம். தரவுக் கேபிள் வாங்கும் டெண்டரிலும் அப்படியே: இரு முனையும் சேர்த்து, சாதாரண ஓட்டத்தில், இணைப்புக்கு எத்தனை வாட் என்று கேளுங்கள். பதிலோடு, ரேக் இடும் வரைபடத்திலிருந்து எடுத்த தூரப் பட்டியலையும் தரச் சொல்லுங்கள். மூன்று மீட்டருக்குள் எத்தனை இணைப்பு, ஏழுக்குள் எத்தனை, அதற்கு மேல் எத்தனை என்று அந்தப் பட்டியல் காட்டும். ஸ்விட்சை இரண்டு ரேக் நகர்த்தினால் எத்தனை இணைப்புகள் ஒளியிலிருந்து செம்புக்கு இறங்கும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அந்தத் திருத்தத்துக்குப் பென்சில் போதும்.